இசைத்தட்டு உறையின் கடைசி வரி

அந்த வருடம் சண்டையால் படுவான்கரைக்கு டீசல் வருவது நின்று, உழவு மெஷின்கள் முடங்கிப்போயிருந்தன. கொக்கட்டிச்சோலையில் நிலச்சொந்தக்காரர் வேலப்போடியாரின் களவெட்டியில், அந்த நெற்களத்தில், எருமைகளைக் கொண்டே சூடு மிதித்து நெல் பிரித்தோம். எருமை நடக்கப் பொலிப்பாட்டு வேண்டும். பாடுகிறவன் இராசதுரை. அவனோ ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை.

காரணம், களத்தில் மூட்டை சுமக்கும் சீனிப்பிள்ளை.

"இளந்தாரியில நான் கல்லடி தண்டர் பாய்ஸ் பாண்டில டிரம்ஸ் அடிச்சவன். இசைத்தட்டு உறையில எண்ட பேர் இருக்கு" என்பான் இராசதுரை.

"ஓம் மச்சான், நான் கப்பல் ஓட்டினவன்" என்றான் சீனிப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தோம். இராசதுரைக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்த உறையைக் காட்டாம இனி நான் பாடமாட்டன்!" என்று சத்தியம் பண்ணினான்.

சாக்கு நூல் வாங்க ஓட்டமாவடிக்குப் போன இடத்தில் அதைக் கண்டேன். பழைய சாமான் கடை உசனார் காக்கா, தட்டு உடைந்த ஒரு வெற்று உறையால் விசிறிக்கொண்டிருந்தார். உறையில் மூன்று பேர். தோள்வரை மயிர், கையில் கிற்றார், சுளகு அகலத்தில் காற்சட்டைக் கால். பின்னால் கல்லடிப் பாலம், மேலே பெரிய எழுத்தில் தண்டர் பாய்ஸ்.

"காக்கா, இதைத் தாங்க."

"மறுகா நான் எதால விசுக்கிற?" என்றவர், சிரித்துக்கொண்டே தந்தார்.

திரும்பும் வழியில், சோதனைச் சென்ரியில் ஒரு ஆமிக்காரன் படத்தைப் பார்த்தான். துவக்கைக் கிற்றார் மாதிரிப் பிடித்து ஆட்டிக் காட்டி, போகவிட்டான்.

நான் நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன். ஓடுகிற பஸ்ஸில் எனக்குச் சின்ன எழுத்து நிற்காது. களத்துக்கு வந்துதான் விரல் வைத்து வாசித்தேன். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது, சுற்றி நின்றார்கள்.

"கலியாணம், திருவிழா, கார்னிவல், எதற்கும் அழையுங்கள்! மட்டுநகரை அதிரவைக்கும் றொக் இசை! கிற்றார், அன்ரன். ஓகன், செல்வம். டிரம்ஸ்..."

நின்றுவிட்டேன். டிரம்ஸ், மனுவேல் என்று இருந்தது. இராசதுரை நிலத்தைப் பார்த்தான்.

"என்ன கா, பேர் இல்ல..." என்று தொடங்கினான் சீனிப்பிள்ளை.

"பொத்துடா வாயை!" போடியார் பாய்ந்தார். "களத்துக்குள்ள அந்தச் சொல்லைச் சொன்னா பொலி நெல்லு குறைஞ்சிரும்!"

களத்தில் 'இல்லை' என்பது ஆகாத சொல்; எனக்கும் அதைச் சொல்ல முடியாது. ஆகவே மேலும் வாசித்தேன். அச்சகத்தின் பெயர் வந்தது. விலாசம் வந்தது. மூலையில், எறும்பு போல ஒரு வரி.

"ஒலிபெருக்கிப் பெட்டி சுமந்தவர், க. இராசதுரை."

சீனிப்பிள்ளை சிரிக்க வாயைத் திறந்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

"சுமந்தவன்ட பேரையுமா அச்சடிச்சாங்க?"

"அப்பிடித்தான் இருக்கு."

"முப்பது வருசமா மூட்டை சுமக்கிறன். எண்ட பேரை ஒரு சாக்கிலயும் ஆரும் எழுதல்ல." உறையை வாங்கி அந்த வரியைத் தடவினான். "இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். போடியாரும் கிட்ட வந்தார். மூன்றாம் தரமும் வாசித்தேன்.

"பேர் இருக்கு எண்டுதான் பாண்ட்காரங்க சொன்னாங்க" என்றான் இராசதுரை மெதுவாக. "டிரம்ஸை நான்தான் சேத்துக்கிட்டன்."

"டிரம்ஸ் ஆரும் அடிப்பான். பாடு மச்சான்!" என்றான் சீனிப்பிள்ளை.

இராசதுரை தொண்டையைச் செருமிப் பொலி பாடினான். எருமைகள் நடந்தன. சந்தோசம் மிஞ்சி, பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் தகரத்தை எடுத்துத் தாளமும் போட்டான்.

எருமைகள் அத்தனையும் நின்றுவிட்டன.