பம்பரம் நின்ற வளைவு

ஒரு குமிழி, கடுகு அளவுதான், பிளாஸ்டிக் குழாய்க்குள் தேன் நிறப் பிரேக் ஆயிலில் நீந்தி ஏறுகிறது, பின்னாலேயே அதன் தங்கச்சி மாதிரி இன்னொன்று, நான் பச்சை வண்டியின் தணிந்த கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி வலது காலால் பெடலை அடித்துக்கொண்டிருக்கிறேன், முன்சக்கரத்தைக் கழற்றிய இடத்துக்கு அடியில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் நாகமாணிக்கத்தின் குரல் மட்டும் மேலே வருகிறது, அடி, அடி, அடி, பிடி, பிடி அம்மிணி, விட்டுறாத, அவர் ஸ்பேனரைத் திருப்ப பெடல் என் பாதத்தோடு சேர்ந்து தரைக்கு இறங்குகிறது, அக்காளும் தங்கச்சியும் பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் விழுந்து உடைகிறார்கள், மூடிட்டன், இப்ப விடு, விட்டேன். பிரேக்கில் ஏர் எடுப்பது என்றால் இதுதான், குழாயில் ஒரு குமிழி மிச்சமிருந்தாலும் காலின் பலமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும், தனியாளாகச் செய்ய நாங்கள் பழகவேயில்லை, அவருடைய தங்கை கல்யாணத்தில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டையாகி ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தபோதுகூட அடி, பிடி, விடு என்ற மூன்று வார்த்தைகள் மட்டும் எங்களுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இந்தப் பிடிவாதமெல்லாம் ஒரே ஒரு வளைவுக்காக, ஊருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் தாண்டி இருக்கும் பந்தயத் தடத்தின் முதல் வளைவு, அங்கே இருபது வருஷத்துக்கு முன்னால் இதே பச்சை வண்டியில் நான் வந்தேன், வருகிறேன், நேர்பாதை முடிகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், அந்தக் காலத்து டிரம் பிரேக், நாலு சுற்று ஓடியதும் சூடேறி ஒரு சக்கரம் பிடிக்கும் இன்னொன்று யோசிக்கும், வண்டி இடது பக்கம் இழுத்தது, அப்புறம் வானம், ஓரத்தில் டயர் அடுக்கிய சுவர், கூட்டம், மறுபடி வானம், மறுபடி கூட்டம், அதில் எனக்குத் தெரிந்த முகமெல்லாம் ராட்டினத்திலிருந்து பார்ப்பது போல வந்து வந்து போனது, தூசி அடங்கியபோது நான் வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தேன், ஒரு கீறல் இல்லை, ஆனால் மைக்கில் தாமு இருந்தான், எங்கள் ஊர்ப் பந்தயங்களுக்கெல்லாம் அவன்தான் அறிவிப்பு, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, ஏனுங்க பாத்தீங்களா, இது காருங்களா பம்பரமுங்களா, சாட்டை யாரு கையிலீங்க இருக்குது, என்றான், மூவாயிரம் பேர் சிரித்தார்கள், அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலைக்கு வரும்போது பம்பரக்காவுக்கு இன்னொரு ஜிலேபி வையப்பா என்பார்கள், எங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்கு வரும் லாரிக்காரர்கூட ஓனரம்மாவைப் பம்பரம்னு சொல்றாங்களே ஏனுங்க என்று என்னிடமே கேட்டார். நானும் சிரித்தேன். இலையில் விழுந்த அந்த ஜிலேபியும் வளைந்து வளைந்து அந்த வளைவு மாதிரியே இருக்கும், தின்றுவிடுவேன், ராத்திரி கனவில் பெடலை மிதிப்பேன், பெடலுக்குக் கீழே தரையே இருக்காது, கால் போய்க்கொண்டே இருக்கும்.

வண்டியின் மேல் எனக்குக் கோபம் வந்ததேயில்லை, கல்யாணமான புதிதில் வால்பாறைக்குப் போய் மலையிறங்கி வரும்போதே சூடேறினால் அதன் பிரேக் கைவிட்டுவிடும் என்று பழகியிருந்தேன், கருகிய வாசனை எழும்ப, அவர் முகம் வெளுத்து, ரெண்டாவது கியர் போடு அம்மிணி ரெண்டாவது போடு என்று கத்த, நான் போட்டு, பாறையோரமாக உரசாமல் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் தின்றோம், அன்றைக்கு அவர் எனக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார், சாவியை அல்ல, அது எப்போதும் ஆணியில்தான் தொங்கும், இனிமே நீ ஓட்டு நான் பக்கத்துல உக்காந்துக்கறன் என்று சொன்னதைச் சொல்கிறேன், அதற்கப்புறம் கடைக்கோ கோயிலுக்கோ அந்த வண்டி அவரைப் பக்கத்தில் ஏற்றாமல் நகர்ந்ததில்லை. இந்த வருஷம் பழைய கார்களுக்கென்று தனிப் பந்தயம் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், டிஸ்க், அவர் காபியை வைத்துவிட்டு எழுந்தார், ஒரு பழைய வேனிலிருந்து முன்பக்கத்துக்கு டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும் வந்தன, அவற்றைப் பிடிக்க இரும்புத் தகட்டில் தாங்கிகள் எங்கள் லேத்திலேயே பிறந்தன, பின்பக்கம் டிரம்மே இருக்கட்டும் என்று விட்டோம், பெடலுக்குப் பின்னால் ஆயிலைத் தள்ள முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் தராசுக் கம்பி மாதிரி ஒன்று, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு திருகு, வலது பக்கம் திருகினால் மிதியின் பலம் முன்சக்கரங்களுக்கு, இடது பக்கம் திருகினால் பின்சக்கரங்களுக்கு, அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவில்தான் உயிர் இருக்கிறது, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் தலையை முந்தப் பார்க்கும், அப்புறம் பம்பரம்தான்.

சரிபார்க்க நாங்கள் போனது ஊரோரத்தில் சைட் போட்ட இடத்துக்கு, வீடே வராத ரோடுகள், மஞ்சள் கல் நட்ட மனைகள், ஆடுகள், நான் ரோட்டுக்குக் குறுக்கே கோலமாவால் ஒரு கோடு இழுப்பேன், வேகமாக வந்து கோட்டில் அழுத்துவேன், இறங்கிப் போய் எந்த டயரின் கறுப்புத் தடம் முதலில் தொடங்குகிறது என்று குனிந்து பார்ப்போம், முன்னது முதலில், பின்னது சற்றே தள்ளி, அதுதான் சரி, பக்கத்து சீட்டில் அவர் தேங்காய் பன்னோடு, என்னங்க ஆச்சு என்று ஓடி வந்த ஆடு மேய்க்கும் அம்மாவுக்கும் ஒரு துண்டு, நீங்க இறங்கி நில்லுங்களேன் மாமா, வெளியில நின்னா நல்லாத் தெரியும் என்பேன், போ அம்மிணி, பிரேக்கு என்ன சொல்லுதுன்னு எனக்கு முதுகுலதான் கேக்கும் என்பார், பன்னை மென்றுகொண்டே திருகை ஒரு மயிரிழை அப்படி ஒரு மயிரிழை இப்படி என்று சொல்லுவார், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வண்டி கோட்டைத் தொட்டதும் தரையில் ஆணி அடித்தது போல நேராக நின்றது, ஆடுகள் கூடத் தலை தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான் அம்மிணி இனி இதைத் தொடாதே என்று திருகின் மேல் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது, வெள்ளை, பொட்டு வைத்த மாதிரி வட்டமாக.

பந்தய நாள் காலைப் பயிற்சி, ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே புதிதாக இருக்கிறது, பக்கத்து சீட் காலி, தடத்தில் ஓட்டுபவர் மட்டும்தான் இருக்கலாம், அவர் வேலிக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் விடப்பட்டவர் மாதிரி நிற்கிறார், நேர்பாதை விரிகிறது, வளைவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் பலகைகள் வருகின்றன, முதல் பலகை, இரண்டாவது, மிதிக்கிறேன், பெடல் கல் மாதிரி உறுதி, சந்தோஷம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்புறம் இடுப்புக்குப் பின்னால் ஏதோ இளகியது, வால் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது, வானம், டயர்ச் சுவர், கூட்டம், வானம், இது அன்றா இன்றா, மைக்கில் அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது, வயசாகிவிட்டது அவனுக்கும், ஏனுங்க, இருபது வருசமாச்சு, பம்பரம் இன்னும் நிக்கலீங்க. சிரிப்பு. நான் அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தேன், டிஸ்க் நல்லது, ஆயில் நல்லது, குமிழி ஒன்றுகூட இல்லை, புள்ளி அசையவில்லை, அப்படியானால் யார் மேல் தப்பு. வண்டிகளைப் பரிசோதிக்கும் ரெஜினா, மெட்ராஸ்காரப் பெண், அட்டையும் பேனாவுமாக வந்தாள், மேடம், சாரி, மதியம் ரேஸுக்கு முன்னாடி எனக்கு ஒருவாட்டி நேரா நிறுத்திக் காட்டுங்க, இல்லேன்னா வண்டிய லாரியில ஏத்திட வேண்டியதுதான், சொல்லிட்டேன். அவள் சொன்னதில் கடுமை இல்லை, அதனால்தான் அதிகம் வலித்தது, லாரியில் ஏறினால் இந்த வளைவு எனக்கு இனி இல்லை, அடுத்த வருஷம் பந்தயம் வைப்பார்களோ என்னவோ, எனக்கு இந்தத் துணிச்சல் இருக்குமோ என்னவோ, பம்பரக்காவாகவே ஜிலேபி தின்று தீர்த்துவிட வேண்டியதுதான்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள், நான் வண்டிக்குப் பின்னால் தரையில் மல்லாந்து படுத்து டிரம்மைத் தட்டிப் பார்த்தேன், கையால் சுற்றிப் பார்த்தேன், அவர் சுற்றிச் சுற்றி வந்தார், ரப்பர் புஷ்ஷா இருக்குமா, டயர் காத்தா இருக்குமா, ஏன் மிதிக்கறப்ப ஸ்டீரிங்கைத் திருப்பினயா, நான் எதுக்கு மாமா திருப்பறன், அப்ப நான்தான் திருப்பினனா, நீங்க வேலிக்கு அக்கட்டல்ல நின்னீங்க, சரி விடு தயிர்சோறாவது தின்னு, நீங்க தின்னுங்க, என்றேன், அவர் பெருமூச்சோடு பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து தன்னுடைய சீட்டில் உட்கார்ந்தார், அப்போது நான் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தேன், பின்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இருந்த இடைவெளி இரண்டு விரலாகச் சுருங்கியது, பச்சை வண்டி ஒரு யானை போலப் பின்னங்காலை மடக்கி மெல்ல உட்கார்ந்தது. மாமா, எந்திரிங்க. எதுக்கு. எந்திரிங்கன்னா எந்திரிங்க. எழுந்தார், நாலு விரல். உக்காருங்க. இரண்டு விரல். எந்திரிங்க. என்ன அம்மிணி இது, யோகாசனமா, தயிர்சோத்துத் தூக்குப்போசி கையில இருக்குது கொட்டிரும். எனக்குச் சிரிப்பு தொடங்கிவிட்டது, தரையில் படுத்தபடியே, முதுகெல்லாம் மண்ணோடு, பேச்சு வராமல், கண்ணில் தண்ணீர் வர, அவர் பயந்து குனிந்தார், என்னாச்சு சாமி, நீங்கதான் மாமா, நீங்கதான், உங்க பாரம்தான் பின்சக்கரத்தை அமுக்கிப் பிடிச்சிட்டிருந்திருக்குது, மூணு ஞாயித்துக்கிழமையும் நாம உங்களோட சேத்தித்தான் பிரேக்கு சரிபாத்திருக்கறோம், நீங்க இல்லாட்டி வால் லேசாப் போயிருது, பூட்டிக்குது, சுத்துது. அவர் தயிர்சோற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், தன் வயிற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், முகத்தில் ஒரு வெட்கம், அதன் அடியிலிருந்து ஒரு கர்வம் மெல்ல ஏறியது, அப்ப நானும் இந்த வண்டிக்கு ஒரு பார்ட்டுங்கற. ஆமாங்க, கழட்டி வெச்ச பார்ட்டு. அப்ப ஒரு மண்ணு மூட்டையைக் கட்டி என் சீட்டுல வெச்சுக்கோ. அவரே சொல்லிவிட்டு அவரே முகம் சுருங்கினார், மூட்டை அங்கே உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான், வேண்டாம் மாமா, என்றேன், டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, அவர் வைத்த வெள்ளைப் புள்ளியை விட்டு விலக்கி, வலது பக்கம், முன்சக்கரங்களுக்கு, ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

ரெஜினா குனிந்து தடத்தைப் பார்த்தாள், முன்தடம் முதலில், பின்தடம் தள்ளி, நேராக இரண்டு தண்டவாளம், போங்க மேடம், என்று அட்டையில் கிறுக்கினாள், எதை மாத்தினீங்க என்றாள், இவரைத்தான் என்றேன், அவளுக்குப் புரியவில்லை, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நடந்தது எனக்கு நடந்ததா கனவில் வந்ததா என்று இப்போதும் பிரிக்க முடிவதில்லை, கொடி விழுகிறது, எனக்கு முன்னால் ஒரு சிவப்பு வண்டி, ஒரு வெள்ளை வண்டி, பின்னால் யார் யாரோ, நேர்பாதை ஓடி வருகிறது, முதல் பலகை, சிவப்பு பிரேக் பிடிக்கிறது, நான் பிடிக்கவில்லை, இரண்டாவது, வெள்ளை பிடிக்கிறது, நான் பிடிக்கவில்லை, டயர்ச் சுவருக்குப் பின்னால் ஒரு உருவம் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு நிற்கிறது, இந்த எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது, மலையிறக்கத்திலிருந்து, சைட் ரோட்டிலிருந்து, முகம் பார்க்காத அந்த ஒரு மாதத்திலிருந்து, பிடி அம்மிணி, விட்டுறாத, பிடித்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தியது, வால் தன் இடத்திலேயே இருந்தது, வானம் மேலேயே இருந்தது, கூட்டம் பக்கத்திலேயே இருந்தது, எதுவும் சுற்றவில்லை, நான் வளைவுக்குள் திரும்பி அந்தப் பக்கம் வெளியே வந்தபோது சிவப்பும் வெள்ளையும் கண்ணாடிக்குள் இருந்தன, மைக்கில் தாமுவின் கூவல், ஏனுங்க, பம்பரம் சுத்த மறந்துருச்சுங்கோ. அடுத்த சுற்றுகளில் வெள்ளை என்னை முந்தியது, முந்தட்டும், இரண்டாவதாக வந்தேன், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த முதல் வளைவு எனக்கே எனக்கு.

கிளம்பும்போது சாயங்காலம், தாமுவே வந்து என் கையில் மூடி திறந்த பன்னீர் சோடா இரண்டைத் திணித்துவிட்டுப் போகிறான், அக்கா இனி உங்களை நான் எப்படித்தான் கூப்பிடறது என்று முனகிக்கொண்டே, நாகமாணிக்கம் தன் சீட்டில் ஏறுகிறார், பச்சை வண்டி யானை போல உட்காருகிறது, நான் சாவியைத் திருப்புவதற்கு முன் டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு இடது பக்கம் இரண்டு சுற்று, வெள்ளைப் புள்ளி தன் இடத்துக்கு வந்து சேர்கிறது, என்ன பண்ற, நீங்க ஏறிட்டீங்கல்ல, என்கிறேன், அவர் ரோட்டைப் பார்க்கிறார், காதெல்லாம் சிவந்திருக்கிறது, சைட் போட்ட இடத்தின் வழியாகத்தான் போகிறோம், பழைய கோலமாவுக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது, சோடாவைப் பிடிங்க மாமா, விட்டுறாதீங்க, என்று சொல்லிக் கோட்டில் அழுத்துகிறேன், வண்டி தலை தாழ்த்தி நேராக நிற்கிறது, ஒரு சொட்டு சிந்தவில்லை, அவர் நெஞ்சோடு அணைத்திருக்கும் பாட்டிலுக்குள், வெயில் ஊடுருவ, ஒரு குமிழி, கடுகு அளவுதான், ஏறுகிறது, பின்னாலேயே அதன் தங்கச்சி, ஏறட்டும், எல்லாம் ஏறட்டும்.