கேட்க மறந்த வேண்டுதல்

மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "முருகா, என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டிக்குக் காலைத் திருப்பிக் கொடு. அடுத்த தைப்பூசத்துக்கு அவரே நடந்து வரணும்." இவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பூண்டு மூட்டை ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்ததிலிருந்து மனுசன் கட்டிலோடு கிடக்கிறார். வருசம் தவறாமல் அவர் நடந்த பாதயாத்திரையை இந்த வருசம் நான் நடந்தேன்.

எங்கள் ஊர் மலையிறங்கிப் பழனி வந்து சேர்வதற்குள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஆறு மணி நேரம் வரிசை. சன்னதி முன்னால் நின்றேன். "நகருங்கம்மா, நகருங்க" என்று யாரோ தோளைத் தள்ளினார்கள். வெளியே வந்து திருநீறு பூசும்போதுதான் உறைத்தது. நான் கேட்கவே இல்லை! பாவி, எதுக்கு வந்தாய் நீ? திரும்ப ஓடினால், வந்த வழியில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

மறுநாள் ஊருக்கு ஏறும் பஸ்ஸில் ஒரு நல்ல பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

வீட்டில் அவர் ஜன்னலோரமாகச் சாய்ந்திருந்தார். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பழனி மலை சின்னதாகத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

"என்னத்தப் பாத்த? ஒண்ணு விடாமச் சொல்லு."

"ராஜ அலங்காரங்க. தலப்பா, ரோசாமாலை..."

"அதான் காலண்டர்லயே கெடக்கே. நீ பாத்ததச் சொல்லு, ராஜகுமாரி."

"வெளிச்சமா இருந்துச்சு" என்றேன். வெளிச்சமில்லை அது. "குளுகுளுன்னு..." அதுவும் இல்லை. "நம்ம புள்ளைய மொதமொதல்ல கையில வாங்குனப்ப இருந்துச்சே, அது மாதிரி." கிட்டத்தில் வந்தது, ஆனாலும் இல்லை. சொத்தைப் பூண்டைப் பொறுக்கிப் போடுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகத் தூரப் போட்டேன். எனக்கே எரிச்சல். ஊரையே வாயால் அடக்குகிறவள் நான்.

"கால் கொப்புளம் வலிச்சிருக்குமே?"

"அங்க நிக்கையில வலியே தெரியலங்க."

"என் காலு?"

தயார் செய்த பொய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"கேக்கலங்க. ஒரு வார்த்த வரல. உங்களையே மறந்துட்டேன்."

கோபக்காரர். டம்ளர் பறக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நெசமாவே பாத்திருக்க" என்றார்.

அவர் முகத்தில் அப்படி ஓர் ஏக்கத்தை, ஜீப் கவிழ்ந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"அடுத்த தடவ என்னையத் தூக்கிட்டுப் போயிரு. மேல ஏறத்தான் விஞ்சு ரயிலு இருக்குல்ல."

"போவம்ங்க. நீங்களே வாய்விட்டுக் காலைக் கேட்டுருங்க."

"கேக்கவா?" என்றார். "ஒரு நிமிசம் இந்தக் காலை மறந்து நிக்கணும்டி எனக்கு."