ஜெர்மனிக்காரம்மாவின் நீல மெத்தை

பௌர்ணமியன்று நான் கடைக்குள் நுழைந்தபோது, பெங்களூர்க்காரர் ஒருவர் என் நீல மெத்தைமேல் சம்மணம் போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். காலையில்தான் அதை ஜெர்மனியில் ஒரு அம்மாள் நெட்டில் வாங்கியிருந்தாள். அப்போதே அண்ணனுக்கு போன் போட்டு, எடுத்து உள்ளே வைக்கச் சொல்லியிருந்தேன்.

தியானத்துக்கு உட்காரும் இலவம்பஞ்சு மெத்தை தைப்பது நான். ஆசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டுக் கடையில் அதை விற்பது என் அண்ணன் புகழேந்தி. இரண்டாயிரத்து நாலிலிருந்து அதே மெத்தைகளை அமெரிக்க சைட் ஒன்றிலும் சென்னை சைட் ஒன்றிலும் நான் போட்டு வருகிறேன். மெத்தை ஒன்று, கடை மூன்று. ஓரிடத்தில் விற்றால் மற்ற இரண்டிலும் உடனே எடுத்துவிட வேண்டும். அண்ணனோ விற்றுவிட்டுச் சாயங்காலம் சாவகாசமாகச் சொல்வார். இப்படியே இரண்டு முறை, பணம் கட்டியவர்களுக்குச் சரக்கு இல்லை என்று மெயில் அனுப்பி என் மானம் போனது. இன்னொரு தரம் நடந்தால் என் கணக்கையே மூடிவிடுவதாக அமெரிக்க சைட்காரன் எழுதிவிட்டான். மூடினால், அண்ணன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பழையபடி மூலையில் தைத்துக் கிடக்க வேண்டியதுதான். அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

"சாருக்குக் குடுத்துட்டேன்," என்றார் அண்ணன்.

"அது காலையிலயே வித்துப்போச்சுணா."

"ரேக்ல இருக்கறது எப்படி வித்ததாவும்? அந்தம்மாவுக்குப் பச்சைய அனுப்பு. அவ்ளோ தூரத்துலேர்ந்து சண்டை போடவா வரப்போறா?"

"போட்டோல இருக்கறது நீலம். அந்தத் துணியே தீந்துபோச்சு."

"காசு குடுத்தவர எழுப்பினா கடை பேரு கெட்டுடும்."

"கெடட்டும். என் பேரு ரெண்டு வாட்டி கெட்டப்ப உங்களுக்கு வலிக்கலையே."

நேராகப் பெங்களூர்க்காரர் எதிரில் போய் நின்றேன். "சார், கொஞ்சம் எழுந்திரிங்க. நீங்க ஜெர்மனிக்காரம்மா மெத்தையில உக்காந்திருக்கீங்க."

அவர் பதறி எழுந்து, அந்த அம்மாளைத் தேடி வாசலைப் பார்த்தார். பிறகு பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் ஒன்றும் கெஞ்சவில்லை. நெட்டுக்கான மெத்தைகளையெல்லாம் தனியாக ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மத்தியானமே ரேக் காலி. கிரிவலம் வந்த கூட்டம் வாசலில் நின்றது.

"பெட்டியத் தொற அருணா. உள்ள ஜாஸ்தி இருக்குதுல்ல."

"இருக்குது. பிரவுசிங் சென்டர் போய் மொதல்ல ரெண்டு சைட்லயும் மெத்தை எண்ணிக்கையக் கொறைச்சுட்டு வரேன். அப்புறம்தான் பெட்டி."

"அதுவரிக்கும் ஜனம் நிக்குமா?"

"நிக்காது."

அண்ணன் கையை நீட்டினார். "சரி, சாவியையாவது குடுத்துட்டுப் போ."

"சாவி என் இடுப்புல இருக்குது. இடுப்பும் என்கூடதான் வருது," என்று செருப்பை மாட்டினேன்.