காலாவதியான எலும்புகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து கிளம்பும்போது, வண்டி நிறுத்துமிடத்தில், என்னோடு உதவியாளராக வேலை செய்யும் லோர்னா ஹெட்ரிக் நடந்ததைச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: சிறு வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று லோர்னா கனவு கண்

பொய். நிறுத்திவிட்டேன். வயதானவர்களைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு போய்க்கொண்டிருக்கிறது. உதவியாளர்கள் தூக்குகிறார்கள்; நர்சுகள் எப்போதாவது உட்காருகிறார்கள். அவளுக்கு அந்தக் காரணம் போதும். எனக்கும் போதும்.

இரண்டாம் தொடக்கம்: ஒஹாயோ ஆற்றின் மேல் மூடுபனி

ஆறு இவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கதையில் அதற்கு இடமில்லை.

2

எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் நர்சிங் சேர வேண்டுமானால் முதலில் அனாட்டமி தேற வேண்டும். எலும்பு, தசை, நரம்பு, எல்லாம். லோர்னா தேறினாள், நல்ல மதிப்பெண்ணோடு. அப்புறம் காத்திருப்போர் வரிசை. இடம் குறைவு, சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு. ஐந்து வருடத்துக்கு மேல் நின்றாள்.

(அந்த ஐந்து வருடத்தை இங்கே எழுதலாம். எழுதவில்லை. கல்லூரியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.)

போன வெள்ளிக்கிழமை மாணவர் ஆலோசகர் க்வென் பிளைத் அவளைக் கூப்பிட்டாள். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. கல்லூரிக்கு எதிரே, சாலையோரம், பெரிய விளம்பரப் பலகை: "நர்சுகள் தேவை. உடனே வாருங்கள்." லோர்னா அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனாள். (பலகையை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.)

3

"வாடி, உக்காரு. சீட்டு வந்துடுச்சு!"

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆனா..."

"அந்த 'ஆனா'வ முழுங்கிடு க்வென். கெஞ்சிக் கேக்குறேன்."

"உன் அனாட்டமி காலாவதி ஆயிடுச்சு. அஞ்சு வருஷம்தான் செல்லும்."

"அது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு? வரிசைல நிக்க வெச்சது நீங்க. நின்னதுல கெட்டுப்போச்சுன்னா அது என் தப்பா?"

"திரும்ப ஒரு தடவ படிச்சிடு. உனக்கு என்ன கஷ்டம்?"

"சரி. இந்தப் பருவத்துலயே சேத்துவிடு."

க்வென் கணினியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடம் கம்மி. நர்சிங்ல சேர்ந்தவங்களுக்குத்தான் மொதல்ல."

"நான்தான் சேர்ந்துட்டேனே! இப்பத்தானே சொன்ன?"

"அனாட்டமி முடிச்சாத்தான் சேர்ந்த கணக்கு."

"அனாட்டமில சேரணும்னா?"

"நர்சிங்ல சேர்ந்திருக்கணும்."

"இத நீ சிரிக்காம சொல்றே பாரு, அதுக்கே உனக்குச் சம்பளம் கூட்டிக் குடுக்கணும்."

"நான் எழுதின விதியாடி இது? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவாகலேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். நீ வரிசைல கடைசி."

அறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கியது. ஆய்வகத்தில் புதிது வந்ததும் பழையதை இங்கே தள்ளிவிட்டார்கள். யாரோ அதற்குக் கிறிஸ்துமஸ் குல்லா மாட்டியிருந்தார்கள். லோர்னா எழுந்து போய் அதன் முழங்கையைப் பிடித்தாள்.

"இவன்கிட்டதான் நான் படிச்சேன். இந்த விரிசல்கூட அப்படியே இருக்கு. எவ்வளவு நாளா இருக்கான்?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"இவன் காலாவதி ஆகல. இவனப் பாத்துப் படிச்சது மட்டும் ஆயிடுச்சா?"

லோர்னா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன்."

4

இங்கேதான் முடிவு வர வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வராந்தாவில் கல்லூரித் தலைவர் மயங்கி விழுகிறார். லோர்னா நெஞ்சை அழுத்திப் பிழைக்க வைக்கிறாள். எல்லோரும் கைதட்ட, சீட்டு

கிழித்துவிட்டேன். ஒரு இடம் கிடைக்க ஒருத்தி ஓர் உயிரை மீட்டுக் காட்ட வேண்டுமா? க்வென் எந்த உயிரை மீட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்?

இரண்டு: லோர்னா விட்டுவிடுகிறாள். நடக்கக்கூடியது இதுதான். அதே கல்லூரியில் நர்சிங்கைப் பாதியில் விட்ட ஆள் நான். இந்த முடிவு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எழுதினால், "அவளுக்கு விடாமுயற்சி இல்லை" என்று படித்தவர்களில் யாராவது சொல்வார்கள். அந்த வாய்ப்பைத் தர மாட்டேன்.

மூன்றாவது, க்வென் உண்மையிலேயே சொன்னது. மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விதிவிலக்குன்னு இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. டீன் மட்டும்தான் அமுக்கலாம். ஆனா எனக்கும் தொறக்கும். அமுக்கினா என் வேலை போனாலும் போகும்."

"நான் அமுக்கச் சொல்லலியே."

"பின்ன ஏன்டி இப்படிப் பாக்கற?"

"வேற எங்க பாக்கச் சொல்ற?"

5

வண்டி நிறுத்துமிடத்தில் லோர்னா இதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள். எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை.

அமுக்கினாள் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், விதி அப்படியே இருக்கும். அமுக்கவில்லை என்று எழுதினால் க்வெனைத் திட்டுவீர்கள், அப்போதும் விதி அப்படியே இருக்கும்.

அதனால் ஐந்து மணி ஆக விடாமல் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். க்வெனின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. லோர்னா எழுந்திருக்கவில்லை. குல்லா போட்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு நாள் நீங்களும் எங்கள் இல்லத்தைப் போல ஏதோ ஓர் இடத்தில் படுத்திருப்பீர்கள். கட்டிலோரம் நர்சைக் கூப்பிட ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிவிட்டு, யாராவது வருவார்களா என்று கதவைப் பார்ப்பீர்கள்.

அதுவரை க்வென் முன்னால் இருக்கும் பட்டன் உங்களுடையது.