இரண்டு முறை எழுதப்பட்ட வரி

1

"இத்தனை பேரைக் காணோம்னு சொல்லுதே அப்பா, யாருமே தேடப் போகலையா?"

என் மகள் கேட்டது. கணினித் திரையில் இருநூற்றுப் பதினோரு பிழைகள். ஒவ்வொன்றும் ஒரு பெயரைச் சொல்லி, அது கிடைக்கவில்லை என்றது. முதல் நான்கை நான் வாய்விட்டுப் படித்திருந்தேன். மனிதர்கள் என்று நினைத்துவிட்டாள். தேட ஆள் போயிருக்கிறது, நீ போய்ப் பல் தேய் என்றேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனிதனுக்கும் எந்திரத்துக்கும் இடையே கம்பைலர் ஒரு" — பாடப்புத்தக வாடை அடித்தது. விட்டுவிட்டேன். ஆனாலும் கொஞ்சம் பாடம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். எங்கள் அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறோம். அதன் பழைய பாதி சி என்னும் நிரல்மொழியில் இருக்கிறது. அது என் பொறுப்பு. புதிய பாதி ரஸ்ட் மொழியில். எதிர் மேசைப் பெண்ணின் பொறுப்பு. அவள் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மதிப்பீடு. அது சரியாக வராவிட்டால் வேலை போய்விடும்.

ஒரு பாதியில் உள்ள நிரல் துண்டுகளை மற்றது பெயர் சொல்லிக் கேட்கும்; இப்படி இரண்டு பாதிகளையும் கோத்து ஒன்றாக்குவது லிங்கர் என்னும் நிரல்.

(எதையெல்லாம் கோக்க வேண்டும் என்ற பட்டியலைப் பழைய லிங்கர் ஒரே ஒரு முறைதான் படிக்கும். ஒரு பெயரைக் கேட்பவருக்குப் பின்னால் அதை வைத்திருப்பவர் வரவேண்டும். முன்னாலேயே வந்துவிட்டுப் போனவரைத் திரும்பிப் பார்க்காது. கறாரான பேர்வழி.)

3

கதையில் வரும் 'நான்' மீது எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் வரைவில் இவனை நல்லவனாக எழுதியிருந்தேன். மறுபடி படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை, கோக்க வேண்டியவற்றின் பட்டியலில் பழைய பாதியின் பெயர் இரண்டு முறை இருப்பதைப் பார்த்தேன். யாரோ கவனமில்லாமல் எழுதியது என்று இரண்டாவது வரியை அழித்தேன். "சுத்தம் செய்தேன்" என்று குறிப்பும் எழுதினேன். என் கணினியில் இருந்தது புதிய லிங்கர். அதற்கு வரிசை ஒரு பொருட்டல்ல. ஓடியது. எல்லோருக்கும் பொதுவான கணினியிலோ பழையது.

(பழைய பாதி புதியதை அழைக்கும். புதியது திரும்பப் பழையதையே கேட்கும். அதனால் பழையது புதியதற்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.)

அதே நாள் பிற்பகல் அவளும் தன் பாதியில் பெரிய மாற்றம் ஒன்றைச் சேர்த்தாள். மறுநாள் காலை வந்த பிழைகள் எல்லாம் அவளுடைய கோப்புகளையே கைகாட்டின.

4

மூன்று நாள் தேடினாள். மேலாளர் தினமும் காலையில் அவள் மேசை அருகே வந்து நின்றார். எதுவும் கேட்கமாட்டார், நிற்பார். உன் பாதிக்கும் பழைய பாதிக்கும் வாய்க்கால் தகராறா என்று தேநீர் வேளையில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வியாழக்கிழமை நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அண்ணா, அந்த வரி ரெண்டு தடவ இருந்ததுக்குக் காரணம் இருக்கு."

"எந்த வரி?"

"நீங்க சுத்தம் பண்ணது."

என் திரையில் திங்கட்கிழமைக் குறிப்பைத் திறந்தேன்.

"திரும்பப் போட்டுட்டேன், ஓடுது. இனிமே யாரும் அழிக்காம இருக்கப் பக்கத்துல குறிப்பும் எழுதிட்டேன்."

"மேலாளர்கிட்ட என்னம்மா சொன்னே?"

"கோக்குறதுல ஒரு சிக்கல், சரியாயிடுச்சுன்னேன். உங்க பதவி உயர்வு வேற பேசிட்டிருக்காங்களாமே. இப்போ எதுக்கு அதெல்லாம்."

5

முடிவு ஒன்று: எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன். (எழுதிப் பார்த்தேன். கைதட்டல் கேட்டது. கூச்சமாக இருந்தது.)

முடிவு இரண்டு: யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவை மேலாளரே பார்த்து — இல்லை. அவர் பதிவைப் பார்க்கிற ரகம் இல்லை.

முடிவு மூன்று: அன்று மாலை கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது நடந்தது. ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவது கடவுள் அல்ல.

அவளுக்கு எல்லாம் தெரியவருகிற முடிவும் ஒன்று இருக்கலாம். அதை நான் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் காட்டாதீர்கள்.

6

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுடைய மதிப்பீட்டுப் படிவத்தில் உடன் பணியாற்றுபவர் எழுத ஒரு கட்டம் உண்டு. மேலாளர் கைக்குப் போகாமல் நேராக மனிதவளத் துறைக்குப் போகும். வழக்கமாக "நல்ல உழைப்பாளி" என்று எழுதுவேன். அன்று எழுதினேன்: "மூன்று நாள் தாமதத்துக்குக் காரணம் நான். நான் அழித்த வரியால் வந்த பிழை. கண்டுபிடித்துச் சரிசெய்தவர் இவர்." அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். மறைத்தாள் என்று அவள்மேல் பழி வரக்கூடும் எனத் தோன்றியது. அந்த வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினேன்.

என் பதவி உயர்வைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை எதிர் மேசையில் நிரந்தர ஊழியருக்கான புதிய அடையாள அட்டை இருந்தது.

"மேலாளர் நல்ல மனுஷர் அண்ணா. நான்தான் அவரத் தப்பா நினைச்சிட்டேன்."

"ஆமாம்மா," என்றேன். அவரைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.