காசுக்கு மட்டும் கத்தும் கருவி

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத் தொடங்கியது. "மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ருக்ஸானா அவர்களுக்கு, நான்" என்பதுவரை எழுதினேன். அந்த ‘நான்’ என்பதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. ஒன்பது நாள் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கதை எழுத ஆரம்பித்தேன். கதையென்றால் என் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிடலாம் அல்லவா?

நிறுத்தினேன். முதல் தொடக்கம் இது:

"ஓய்வுபெற்ற பொறியாளர் கஸ்தூரிரங்கனுக்குப் பழைய காசு தேடுவதில் திடீரென்று ஆசை வந்தது. மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் ஒலியெழுப்பும் கருவி ஒன்றை, யாரோ பயன்படுத்தியதாக, மலிவாக வாங்க அவர்"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுபத்திரண்டு வயதில் ஒருவருக்குத் திடீரென்று வரும் ஆசையை நான் நம்புவதில்லை. நானே படைத்த மனிதரை நானே சந்தேகித்தேன்.

ஆகவே நானே வருகிறேன். பெயர் இனாயத்துல்லா. ஊர் அதிராம்பட்டினம். முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்தேன். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து அரசு முத்திரை குத்துகிற வேலை. இப்போது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகன் ஹாமித் வீட்டில், மனைவி ஹபீஸாவுடன் இருக்கிறேன்.

2

போன ஜூன் மாதம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு உறவுக்காரர்கள் சேர்ந்து கறி சுடப் போனோம். மசாலா பிரட்டுவதற்காக ஹபீஸா தன் மோதிரத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற ருக்ஸானாவிடம் கொடுத்தாள். அவர் எங்கள் மருமகள் நதாவின் தாயார். மோதிரத்தைக் காகிதத் தட்டில் வைத்ததாக அவர் சொன்னார். சாப்பிட்டு முடித்தபோது காற்றில் தட்டுகளெல்லாம் புல்வெளியில் கிடந்தன. மோதிரத்தைக் காணவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. "கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்கவங்க பையை ஒரு தடவ பாத்துக்கிட்டா நல்லது" என்றேன். எல்லாரும் என்றுதான் சொன்னேன். (பார்த்தது ஒரு பையை மட்டும்.)

ருக்ஸானா எழுந்து தன் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை, தஸ்பீஹ் மணி, பாஸ்போர்ட், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"பாத்துக்கங்க சம்பந்தி. உள்ளார ஒரு ஜிப்பு இருக்கு, அதையும் தொறக்கட்டுமா?"

பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அவர் ஹூஸ்டனில் இருக்கும் மகன் ஆகிப் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது, வருகிற மாதம் நதாவுக்குத் தலைப்பிரசவம். இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்ற மருமகள் எங்கள் குடும்பத்தில் இதுவரை கிடையாது.

* அடிக்குறிப்பு: ‘திருட்டு’ என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. இதை ஹபீஸாவிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அடுப்பில் ஏதோ இருக்கும்.

3

ஏப்ரலில், குளிரில் உறைந்துகிடந்த மண் இளகியது. மோதிரம் மண்ணில் கிடைத்தால் ருக்ஸானாவிடம் பேசலாம். கிடைக்காவிட்டால், என் சந்தேகம் சரி. எப்படியானாலும் நான் தேடுவது யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டில், காசு தேடப் போகிறேன் என்றேன்.

"நியூஜெர்சியில என்னதான் கெடைக்கும், சோழர் காசா?" என்றான் ஹாமித்.

பார்சிப்பனி என்ற ஊரில் ஜெயபிரகாஷ் என்பவர் உலோகம் தேடும் தன் கருவியை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். மூன்று முறை மட்டுமே பயன்படுத்தியதாம். போய்ப் பார்த்தால் கைப்பிடி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"மூணு தடவ புடிச்ச புடியா தம்பி இது?"

"ஐயோ அங்கிள், ஆட் டைப் பண்ணது என் வொய்ஃப். அவளுக்குத் தெரிஞ்சு மூணு தடவ."

"ஏன் விக்கிறீங்க?"

"முட்டி போச்சு அங்கிள். அது கத்துது, என்னால குனிய முடியல."

நம்பவில்லை. அடியிலுள்ள வட்டத் தகட்டின் உறையைக் கழற்றச் சொல்லி விரிசல் தேடினேன். ஒயரை அசைத்து, காரணமில்லாமல் கத்துகிறதா என்று கேட்டேன். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கொண்டுபோன ஆணியைப் போட்டேன், பேசாமல் இருந்தது. கால் டாலர் காசைப் போட்டேன், கத்தியது.

"என்ன தேடப் போறீங்கன்னு சொல்லுங்க அங்கிள், அதுக்கேத்த மாதிரி செட் பண்ணித் தரேன்."

"காசு."

"காயின் மட்டுமா?"

"காசு மட்டும்தான்."

என் சட்டைப்பையில் ஒரு மோதிரம் இருந்தது. தொலைந்ததற்குப் பதிலாக ஹாமித் தன் தாயாருக்கு வாங்கித் தந்தது, ஏறக்குறைய அதே எடை. சோதிப்பதற்காகவே அன்று காலை ஹபீஸாவின் மேசைத் தட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் ஜெயபிரகாஷ் எதற்கென்று கேட்பார். பார்சிப்பனியில் ஒருவருக்குத் தெரிந்தது ஹூஸ்டனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

(முதல் வரைவில் ஜெயபிரகாஷை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன். அப்படி எழுதியபோது கதை எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

பூங்கா அலுவலகத்தில் அனுமதி வாங்கி, நாங்கள் உட்கார்ந்த மேசையைச் சுற்றி மூன்று நாள் சாண் சாணாகத் தேடினேன். காசுகள் கிடைத்தன. மோதிரம் கிடைக்கவில்லை.

வாசகரிடம் மறைக்க மாட்டேன்: எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்கு வந்து, கடிதத்தில் இருந்த ‘நான்’ என்பதைக் கோடு போட்டு அடித்தேன்.

அடித்துவிட்டுத் திரும்பினால் ஹபீஸா கூடத்தில் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தன் புது மோதிரத்தைக் கழற்றி சோபாவில் போட்டிருந்தாள். அதன்மேல் கருவியை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"என்னங்க, இது என் மோதிரத்துக்குக் கத்தலியே."

நான் வாங்கி ஆட்டினேன். கத்தவில்லை.

"எதுக்கு மோதிரத்தப் போட்டுப் பாக்குற? நான் தேடறது காசு."

"சரி, காசுதான்." மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். "நீங்க பார்சிப்பனி போன அன்னைக்கும் இது தட்டுல இல்ல. சாயங்காலம் தானா வந்து இருந்துச்சு. நான் யாரு பையையாச்சும் தொறக்கச் சொன்னேனா?"

அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

5

ஜெயபிரகாஷுக்குப் போன் செய்தேன்.

"அங்கிள், கோல்டு மோதிரமும் சோடா கேன் மூடியில இருக்கற வளையமும் மெஷின் திரையில கிட்டத்தட்ட ஒரே நம்பர். காயின் தேடறவங்க அந்தக் குப்பை வேணாம்னு ஆஃப் பண்ணிடுவோம், கூடவே கோல்டும் போயிடும். நீங்க காயின் மட்டும்னு ரெண்டு தடவ சொன்னீங்களே?"

சொன்னேன். எந்தப் பொருளை நிறுக்கப் போகிறோமோ அதை வைத்தே தராசைச் சோதிக்க வேண்டும் என்று முப்பத்தொரு வருடம் கடைக்காரர்களைக் கடிந்துகொண்டவன் நான். சோதிக்க வேண்டியது என் சட்டைப்பையிலேயே இருந்தது.

6

இன்று காலை, எல்லாவற்றுக்கும் கத்தும்படி மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். மேசையிலிருந்து ஏழெட்டு அடியில், மேப்பிள் மரத்தடியில் கருவி கத்தியது. திரையில் வந்தது ஜெயபிரகாஷ் சொன்ன அந்த எண்.

மண் தோண்டும் கைக்கொத்தை வைத்துக்கொண்டு மண்டியிட்டேன். இரண்டு முடிவுகளையும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மோதிரம். கையில் ஆதாரத்தோடு நிமிர்ந்து நின்று, மன்னிப்பை

முடிவு இரண்டு: கேன் வளையம். அப்படியானால் நான் மறுபடியும் அந்தப் பையைத்தான்

இரண்டையும் விட்டுவிட்டேன். இரண்டிலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். கைக்கொத்தைப் புல்லில் வைத்துவிட்டு ஹூஸ்டனுக்குப் போன் செய்தேன்.

"நான் இனாயத்துல்லா பேசுறேன், சம்பந்தியம்மா."

"என்ன, மோதிரம் கெடச்சிருச்சா? அதான் போனா?"

"இல்லம்மா. இன்னும் தோண்டல. தோண்டறதுக்கு முன்னாடி சொல்லணும். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பதினாலு பேருக்கு முன்னால சொன்னேன். அந்தப் பதினாலு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன்."

அதற்கு அவர் ஒரு பதில் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் பைக்குள் இருப்பது. திறந்து காட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாசகரே, உங்களுக்கும் இல்லை. மேப்பிள் மரத்தடியை நான் தோண்டவில்லை; அது வேண்டுமானால் உங்களுடையது.