மூன்றாம் தட்டில் ஆள் இல்லை

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கலவை இயந்திரம் கடகடவென்று சுழலத் தொடங்கியது. ஜல்லி அள்ளும் சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. அந்தப் பழைய வீட்டின் மொட்டை மாடியில், கல்யாணமாகப் போகும் மகனுக்காக ஓர் அறை எழும்பியிருந்தது. இன்று அதற்குத் தளம் போடும் நாள். தளத்தை நடுவில் நிறுத்தினால் ஒட்டாது, மழைக்கு ஒழுகும். அது தெரிந்துதான் வீட்டுக்காரர் விடியுமுன்னே வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்.

சுவரோரம் சாரம் கட்டி, படிபோலத் தட்டுத் தட்டாகப் பலகை போட்டிருந்தார்கள். தட்டுக்கு ஒரு பெண். கீழே நிற்பவள் கலவைச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்குவாள்; மேலே நிற்பவள் குனிந்து வாங்குவாள். கைமாறிக் கைமாறிச் சட்டி மாடி சேரும்.

மூத்தவள் இரண்டாம் தட்டில் நின்றாள். மூன்றாம் தட்டு அவள் ஓரகத்தியின் இடம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே குடிசைக்கு வந்தவர்கள் இருவரும். சண்டை போடாத நாளும் கிடையாது, தனியாக வேலைக்குப் போன நாளும் கிடையாது. "சட்டியை இப்படி நிறைச்சுத் தூக்கறியேக்கா, என்னைக் கொல்லவா?" என்று இளையவளின் குரல் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

முந்தாநாள் செங்கல் சுமந்து மாடியேறிய இளையவள், மூச்சு வாங்கப் பழைய கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். சுவர் அவளோடு சேர்ந்து சரிந்தது. அது உதிர்கிறது, இடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று கொத்தனார் முதலிலேயே சொல்லியிருந்தார். "எங்கப்பா கட்டின சுவருய்யா அது. உனக்கு முன்னாடியே நிக்குது" என்று வீட்டுக்காரர் வாயை அடைத்துவிட்டார். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

அங்கே டாக்டர் கேட்டபோது, வீட்டுக்காரர் சொல்லியனுப்பியபடி மேஸ்திரி முந்திக்கொண்டார். "அவங்க வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டா சார்." சொல்லிவிட்டு மூத்தவளைப் பார்த்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள். கட்டிலில் கிடந்தவள் அதைப் பார்த்தாள். டாக்டர் அதையே எழுதிக்கொண்டு போனபிறகு, "நம்ம குடிசைக்குப் படி ஏதுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் சட்டி வந்தது. மூத்தவள் பழக்கத்தில் தலைக்கு மேல் தூக்கினாள். வாங்கக் கை இல்லை. சிமெண்டுத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. தூக்கிய சட்டியோடு அப்படியே நின்றாள்.

"என்ன வேடிக்கை? நாலாந்தட்டு, கீழ இறங்கு! இடத்தை அடைச்சு நில்லுங்க!" என்று மேஸ்திரி கத்தினார்.

மூத்தவள் சட்டியைக் காலடியில் இறக்கினாள். "அது அவ இடம். அடைக்க விடமாட்டேன்."

நாலாம் தட்டுக்காரி இறக்கிய காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா தகராறு? கலவை இறுகிடும்."

"இறுகட்டும் சார். அவ எங்க விழுந்தான்னு டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம் தூக்கறோம்."

"வேலைன்னா விழத்தான் செய்வாங்க. அதுக்கு நானா பொறுப்பு?"

"பொறுப்பு இல்லேன்னா பொய் எதுக்கு சார்?" மாடியிலிருந்து கொத்தனார் கேட்டார்.

வீட்டுக்காரர் மேஸ்திரி பக்கம் திரும்பிக் கத்தினார். "தெருமுனையில ஆளா கிடைக்காது?"

மேஸ்திரி ஓடிப்போய், வேலைக்குக் காத்து நின்ற ஒருத்தியைக் கூட்டி வந்தார். அவள் மளமளவென்று மூன்றாம் தட்டில் ஏறினாள். மூத்தவளுக்கு வயிறெரிந்தது. ஆனாலும் அவளை எப்படித் திட்டுவது? அவள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டுமே.

புதியவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே கைப்பிடிச் சுவர் பிய்ந்து, செங்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. "இங்க நின்னது யாரு?"

மூத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் தலையாட்டியதையும், எல்லோர் காதிலும் விழும்படி, அழுதுகொண்டே சொன்னாள்.

புதியவள் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறினாள். "இன்னிக்குக் கூலி போச்சு" என்று முணுமுணுத்தபடி இறங்கினாள். "எந்த ஆஸ்பத்திரி? வாங்க போலாம்."

கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்தார். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். வீட்டுக்காரரின் சத்தம் தெருக்கோடி வரை துரத்தி வந்தது.

நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. டாக்டர் நம்புவாரா என்பதும் தெரியாது. இளையவள் இனி எழுந்து நிற்பாளா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. காய்ந்த சிமெண்டுக் கைகளோடு நடந்தார்கள். மூத்தவள் முன்னால் போனாள், சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தபடி.

"டாக்டர், அவ வீட்டுல விழல..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமா சொல்லுக்கா" என்றாள் புதியவள். "நாங்க பின்னாடியே நிக்கறோம்."